யார் வகையறாவில் வந்தது?

1

முதலில் அது வீசிங் என்றுதான் நினைத்தோம்.

அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. பண்ணைக்காட்டில் வீடு. பழனி மலையின் இடுப்பில், காப்பியும் மலைவாழையும் ஆரஞ்சும் விளைகிற ஊர். ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். மூன்று வயதிலிருந்து பனி இறங்கும் மாதங்களில் இழுப்பு. வீட்டிலேயே நெபுலைசர் இருந்தது. அதனால் அந்த ஐப்பசியில் பிள்ளை வேகவேகமாக, ஆழமாக மூச்சுவிட ஆரம்பித்தபோது யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. ஒரு கிளினிக்கில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் வாந்தி. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அக்காவின் மாமியார்தான் முதலில் கவனித்தார்: "பிள்ளை வாயில பழம் அழுகுன வாசம் அடிக்குது."

மழையில் காட் ரோடு இறங்கி மதுரை போய்ச் சேர நள்ளிரவாகிவிட்டது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். எண்ணே வரவில்லை. அந்தக் கருவியால் அளக்க முடியாத உயரத்தில் இருந்தது சர்க்கரை. முதல் வகை நீரிழிவு, அதாவது டைப் 1. ரத்தம் அமிலமாகியிருந்தது. ஐசியூவில் நான்கு நாள். பிழைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வராந்தாவில் மாமியார் கேட்டார்: "எங்க வகையறாவுல சின்னப் பிள்ளைக்கு சுகர்னு கேள்விப்பட்டதே இல்ல. உங்க பக்கம் யாருக்கும் இருந்துச்சா?" அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. வாசனையைப் பிடித்து பிள்ளையைக் காப்பாற்றியதே அவர்தான். ஆனால் அக்காவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. அன்று இரவு போனில் அழுதாள். "டேய், நீதான் எல்லாத்தையும் தேடிப் படிப்பியே. அம்மாவுக்கு ஆஸ்துமா. எனக்குக் கரப்பான். உனக்குத் தும்மல். இவளுக்கு இப்ப சுகரு. எல்லாம் ஒரே இடத்துலேருந்து வருதா? நான்தான் குடுத்தேனா?"

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், மருத்துவன் கிடையாது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன். ஆறுதலுக்குச் சொன்னது. அது உண்மையா என்று தேடப்போய்த்தான் அக்காவின் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருப்பது தெரிந்தது.

2

கொடைக்கானல் என்கிற ஊரே நோய்க்குப் பயந்து ஓடியவர்கள் உண்டாக்கியதுதான். 1821இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மேலே ஏறி, ஷெல்டன், சன்னிசைடு என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கீழே மதுரையிலும் திண்டுக்கல்லிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோயிருந்தன. அன்றைக்கு மலேரியா கெட்ட காற்றால் வருவதாக நம்பினார்கள். கொசு என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல்தான். காற்றுதான் காரணம் என்றால், நல்ல காற்று இருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு ஊர் பிறந்துவிட்டது.

நோய் வந்தால் மனிதர்கள் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். எந்த இடத்திலிருந்து வந்தது? யார் ரத்தத்திலிருந்து வந்தது? மிஷன்காரர்கள் முதலாவதைக் கேட்டார்கள். வராந்தாவில் கேட்கப்பட்டது இரண்டாவது. முதல் கேள்வியும் எங்கள் வீட்டில் உண்டு. பிள்ளையின் இழுப்புக்கு வாட்டில் மரத்தின் மஞ்சள் பூதான் காரணம் என்பது என் அம்மாவின் கட்சி. தோல் பதனிடும் பட்டைக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் அது. வாட்டிலும் பைனும் தைல மரமும் பரவியதில், 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் பழனி மலை தன் புல்வெளியில் 66 சதவீதத்தை இழந்ததாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. மலைமேல் ஒரு கோபம் இருக்கும்போது பூவின் மேல் பழி போடுவது எளிது.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு வினோதம் நடந்தது. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், கோடை வந்தால் தனக்கு வரும் தும்மலையும் கண்ணெரிச்சலையும் பற்றி எழுதினார். வைக்கோல் காய்ச்சல் என்று அதற்குப் பெயர் வந்தது. 1873இல் சார்லஸ் பிளாக்லி அது புல்லின் மகரந்தத்தால் வருகிறது என்று தன் மேலேயே சோதித்து நிறுவினார். அவரைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. நாள் முழுக்க மகரந்தத்தில் புரளும் விவசாயிகளுக்கு இந்த நோய் வருவதில்லை. வருவதெல்லாம் படித்த, வசதியான, சுத்தமான வீட்டுக்காரர்களுக்கு. இந்தக் குழப்பத்தை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

எங்கள் பிள்ளை அன்று விட்ட மூச்சுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. 1874இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், சாகக் கிடக்கும் நீரிழிவு நோயாளிகள் மூச்சுத்திணறுகிறவர்களைப் போல ஆழமாக மூச்சுவிடுவதை விவரித்தார். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்குகிறது. அமிலத்தைக் குறைக்க நுரையீரல் கரியமில வாயுவை அவசரமாக வெளியே தள்ளுகிறது. பழ வாசனையும் கீட்டோனால் வருவதுதான். ஆஸ்துமாவில் குழாய் சுருங்கிக் காற்று போக வழியில்லை. இங்கே வழி திறந்தே இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இன்னும் எளிதாக ஏமாறுவோம். ஏமாந்தோம்.

3

1900ஐ ஒட்டிய வருஷங்களில் பால் எர்லிக், உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது, இயற்கை அதற்கு அஞ்சுகிறது என்று சொன்னார். அவர் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. தன்னைத் தாக்கும் நோய்கள் உண்டு என்பதை மருத்துவ உலகம் ஏற்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

1906இல் வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். இன்றைய அர்த்தத்தில் அல்ல. ஒரு பொருளை ஏற்கெனவே சந்தித்த உடம்பு, அடுத்த முறை மாறுபட்டு நடந்துகொள்வதற்கு அவர் வைத்த பெயர் அது. அந்த மாற்றம் காப்பாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். பிறகு அந்தச் சொல் சுருங்கித் தும்மலுக்கும் தடிப்புக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது.

நீரிழிவு வேறு பாதையில் போனது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, ஒவ்வாமை வந்தது. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி இரண்டாம் முறை போட்டபோது பையன் தேறினான். ஆனால் கணையம் ஏன் கெடுகிறது என்பது தெரியவில்லை. 1965இல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், நோய் வந்த புதிதில் இறந்துபோன இளம் நோயாளிகளின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். இன்சுலின் சுரக்கும் திட்டுகளை வெள்ளையணுக்கள் சூழ்ந்திருந்தன. 1974இல் அந்தத் திட்டுகளுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் கிடைத்தன. எர்லிக் அஞ்சியது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இடையில் 1966இல், ஒவ்வாமைக்குப் பின்னால் இருக்கும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடியை அமெரிக்காவில் இஷிசாகா தம்பதி கண்டறிந்தார்கள். இப்படி இரண்டு நோய்க்கும் தனித்தனி ஆள், தனித்தனி ஆயுதம் என்று ஆனது. மருத்துவமனையிலும் தனித்தனி வார்டு, தனித்தனி டாக்டர்.

1986இல் மோஸ்மனும் காஃப்மனும் எலிகளில் டி செல்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை செல்லுக்குள் ஒளியும் கிருமிகளை வேட்டையாடும். இரண்டாம் வகை புழுக்களுக்கு எதிரானது. ஐஜிஇயைத் தூண்டிவிடுவதும் இதுதான். ஒன்று ஓங்கினால் மற்றது தாழும். முதல் வகை நீரிழிவு முதல் பக்கம், ஒவ்வாமை இரண்டாம் பக்கம். அழகான சீசா. அதன்படி ஒரு நோய் இருப்பவருக்கு மற்றது வரக்கூடாது.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் தெரியவில்லை.

உலகத்துக்கும் தெரியவில்லை. 2001இல் நார்வேக்காரர்கள் இருவர் நாடுவாரியாகக் கணக்குகளை அடுக்கிப் பார்த்தார்கள். ஆஸ்துமா அதிகம் உள்ள நாடுகளில் முதல் வகை நீரிழிவும் அதிகம். சீசாவாக இருந்தால் தலைகீழாக அல்லவா வர வேண்டும்? 2020இல் ஸ்வீடனில் 12 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், இரண்டும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வந்தன. ஒரு பிள்ளைக்கு ஒன்று இருந்தால் அதன் உடன்பிறப்புக்கு மற்றது வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். ஆக, குடும்பத்துக்குள் ஏதோ ஒன்று பொதுவாக இருக்கிறது.

4

அந்தப் பொதுவான ஒன்றை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு சுண்டெலி. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய வளர்த்த எலிகளில் சில ஆண் குட்டிகள் செதில் செதிலான தோலோடு பிறந்தன. மண்ணீரல் வீங்கி, சில வாரங்களே உயிரோடிருந்தன. ஆண்களுக்கு மட்டும் வந்ததால் குறை எக்ஸ் குரோமோசோமில் என்று புரிந்தது. அதற்குமேல் போக அன்றைய கருவிகள் போதவில்லை. அந்த எலி வம்சத்தைக் கைவிடாமல் வளர்த்துவந்தார்கள்.

1990களில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அந்தக் குறையைத் தேட ஆரம்பித்தார்கள். பதினேழு கோடி எழுத்துள்ள குரோமோசோமில் தேடல் ஐந்து லட்சம் எழுத்துவரை சுருங்கியது. அதற்குள் இருபது மரபணுக்கள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியான இருபதாவதில் பிழை அகப்பட்டது. நள்ளிரவில் பிழை தேடுகிற யாருக்கும் இந்த வலி புரியும். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வந்தது. 2001இல், ஐபெக்ஸ் என்ற அரிய நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கும் இதே மரபணுதான் பழுது என்று உறுதியானது.

ஐபெக்ஸ் குழந்தைகளுக்கு என்ன வருகிறது? பிறந்த சில வாரங்களிலேயே முதல் வகை நீரிழிவு. கூடவே கடும் கரப்பான், உணவு ஒவ்வாமை, எகிறிய ஐஜிஇ. சீசாவின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் மேலே நிற்கின்றன.

காரணத்தை இன்னொரு பக்கத்திலிருந்து ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி நெருங்கிக்கொண்டிருந்தார். நோயெதிர்ப்பில் தாக்குகிற செல்கள் மட்டும் இல்லை, "போதும், விடு" என்று அடக்குகிற டி செல்களும் உண்டு என்று 1995இல் காட்டினார். அப்போது பலர் நம்பவில்லை. 2003இல் அந்த அடக்கும் செல்களை உருவாக்குவதே ஃபாக்ஸ்பி3தான் என்று தெரிந்தது. ஊர்ச் சண்டையில் இரண்டு பக்கத்து இளவட்டங்களையும் பிடித்து உட்கார வைக்கிற பெரியவர் மாதிரி. அவர் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் கை நீளும் என்று சொல்ல முடியாது. கணையத்தின் பக்கமும் நீளலாம், மகரந்தத்தின் பக்கமும் நீளலாம்.

2025 அக்டோபரில் மூவருக்கும் மருத்துவ நோபல் அறிவித்தபோது ராம்ஸ்டெல் சிக்னல் இல்லாத மலைக்காட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி போனைப் பார்த்துக் கத்தியதும் கரடி வந்துவிட்டதோ என்று பயந்தாராம். வட்டக்கானல் பக்கம் சிக்னலுக்காகப் பாறை ஏறியவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

5

எங்கள் பிள்ளைக்கு ஐபெக்ஸ் இல்லை. அது மிக அரிது. பெரும்பாலானவர்களுக்கு ஒரே மரபணு உடைவதில்லை. சிறு சிறு வித்தியாசங்கள் பல சேர்கின்றன. 'பாக்2' என்ற மரபணு ஆஸ்துமா, முதல் வகை நீரிழிவு இரண்டின் பட்டியலிலும் இருக்கிறது. அதை நீக்கிய எலிகளில் அடக்கும் செல்கள் குறைந்து, நுரையீரல் அழற்சியில் எலி செத்துப்போகிறது. இதுவரை கதை நேராகப் போகிறது. பொதுவான மரபணு, பொதுவான குறை.

17ஆவது குரோமோசோமில் ஓர் இடம் இருக்கிறது. சிறுவயது ஆஸ்துமாவோடு அதற்குள்ள தொடர்பு 2007இல் தெரியவந்தது. பிறகு முதல் வகை நீரிழிவின் பட்டியலிலும் அதே இடம் வந்தது. ஆனால் தலைகீழாக. எந்த எழுத்து ஆஸ்துமாவின் ஆபத்தைக் கூட்டுகிறதோ, அதுவே நீரிழிவின் ஆபத்தைக் குறைக்கிறது. அந்த இடத்தில் நல்ல எழுத்து எது? எந்த நோயைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதேபோன்ற ஒன்று மதுரையிலேயே நடந்திருக்கிறது. 6ஆவது குரோமோசோமில் எச்எல்ஏ என்ற மரபணுத் தொகுதி உண்டு. நம் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல டி செல்களுக்குக் காட்டுகின்றன. தாம்பாளத்தின் வடிவத்தை எச்எல்ஏ தீர்மானிக்கிறது. எது நீட்டப்படுகிறதோ, அதற்குத்தான் எதிர்வினை. முதல் வகை நீரிழிவின் மரபு ஆபத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பனின் குழு தென் தமிழ்நாட்டு மக்களிடம் இந்தத் தொகுதியை ஆராய்ந்தது. நுரையீரல் காசநோய் வந்தவர்களிடம் டிஆர்2 என்ற வகை கூடுதலாக இருப்பதை 1990களின் தொடக்கத்தில் கண்டது. ஐரோப்பிய ஆய்வுகளிலோ, அதே டிஆர்2 குடும்பத்தின் முக்கியக் கிளை ஒன்று முதல் வகை நீரிழிவிலிருந்து பலமாகக் காக்கிறது. ஒரு வாசலை மூடும் தாழ்ப்பாள் இன்னொரு வாசலைத் திறந்து வைக்கிறது. முன்னோர் நமக்குக் கொடுத்ததைச் சொத்து என்பதா, கடன் என்பதா?

அக்காவின் கேள்விக்கு நேரடியான பதிலும் எச்எல்ஏவிலேயே இருக்கிறது. ஐரோப்பியர்களிடம் மிக அதிக ஆபத்துள்ள சேர்க்கை டிஆர்3, டிஆர்4 இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது. நம்மூர்ப் பிள்ளைகளில் டிஆர்3இன் பங்கு அதிகம். அந்த இரட்டைச் சேர்க்கை எப்படி அமையும்? ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றது அப்பாவிடமிருந்து. இரண்டு வகையறாவும் பாதிப் பாதி கொடுத்தால்தான் முழுசாகும். அதுவும் போதாது. ஒரே மரபணுக்கள் கொண்ட ஒட்டிப்பிறந்த மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. முதல் வகை நீரிழிவு வரும் பத்தில் ஒன்பது பேரின் நெருங்கிய குடும்பத்தில் அது முன்பு யாருக்கும் இருந்திருக்காது. 'எங்க வகையறாவுல இல்லையே' என்று எல்லா வராந்தாக்களிலும் சொல்கிறார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

6

பிறகு எங்கிருந்து வந்தது? ஓரமாக வைத்த பிளாக்லியின் விவசாயிகளை இப்போது கூப்பிடலாம்.

முதல் வகை நீரிழிவு உலகிலேயே அதிக விகிதத்தில் வருவது ஃபின்லாந்தில். எல்லையைத் தாண்டினால் ரஷ்யாவின் கரேலியா. இரு பக்கத்து மக்களிடமும் ஆபத்தான எச்எல்ஏ வகைகள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஃபின்லாந்துப் பக்கம் நோய் ஆறு மடங்கு. ஒவ்வாமையும் அந்தப் பக்கம்தான் அதிகம். வித்தியாசம் வாழ்க்கையில்: ஏழ்மை, கிணற்றுத் தண்ணீர், மண், கிருமிகள். 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன், நிறைய உடன்பிறப்புகளோடு வளர்ந்தவர்களுக்கு வைக்கோல் காய்ச்சல் குறைவு என்று கவனித்ததிலிருந்து இந்த யோசனை வளர்ந்துவந்தது. 2002இல் ழான்-ஃபிரான்சுவா பாக், தொற்றுகள் குறையக் குறைய ஒவ்வாமையும் தன்னைத் தாக்கும் நோய்களும் கைகோத்து ஏறுவதைச் சுட்டிக்காட்டினார். சிறுவயதில் கிருமிகளோடும் புழுக்களோடும் பழகித்தான் அந்த அடக்கும் செல்கள் வேலை கற்கின்றன போலும்.

இதற்கு நம் சாட்சியும் உண்டு. சென்னையில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வி. அரவிந்தன் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் யானைக்கால் புழுவின் தடயத்தைத் தேடினார்கள். நீரிழிவு இல்லாதவர்களில் சிலருக்கு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் ஒருவருக்கும் இல்லை. கேம்பிரிட்ஜில் ஆன் குக் இன்னொரு புழுவை வைத்து, நீரிழிவு வரவேண்டிய எலிகளுக்கு வராமல் தடுத்துக் காட்டியிருந்தார்.

உடனே 'அந்தக் காலமே நல்லது' என்று வாட்ஸப்பில் அனுப்பக் கை துறுதுறுக்கும். வேண்டாம். வீடு வீடாக டிஇசி மாத்திரை கொடுத்துத்தான் நாம் யானைக்காலை விரட்டினோம். வீங்கிய காலோடு வாசலிலேயே வாழ்க்கை முடிந்த பாட்டிகளை என் தலைமுறையும் பார்த்திருக்கிறது. புழு முட்டையை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஒவ்வாமைச் சோதனையும் பலன் தரவில்லை. 1845இல் மிஷன்காரர்கள் ஓடியது சரிதான். நாம் காலராவிலிருந்து தப்பித்ததும் சரிதான். தப்பித்ததற்கு ஒரு விலை இருந்திருக்கலாம். அந்த விலையை யார் கொடுப்பது என்பது ஒரு தனிப் பிள்ளையின் மரபணுவையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்துப்போகிறது. அதில் ஒரு தாய் செய்த தவறு எங்கும் இல்லை.

இதை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காட்டில் உட்கார்ந்து அக்காவுக்கும் மச்சானுக்கும் மாமியாருக்கும் சொன்னேன். பாதிப் பாதி என்ற இடத்தில் மாமியார் நிறுத்தச் சொன்னார். "அப்ப எங்க பக்கமும் இருக்கு." ஆமா அத்தை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இந்த மூச்சு விஷயத்தைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லணும்" என்றார். அதிலிருந்து ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு என்றாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "தண்ணி நிறையக் குடிக்குதா? படுக்கைய நனைக்குதா? உடம்பு இளைச்சிருக்கா? விரல்ல குத்திப் பாத்தாச்சா?"

போன தைப்பூசத்துக்குப் பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வந்தது. பிள்ளைக்கு இப்போது பதினோரு வயது. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள், கரண்டியில் அளந்து எடுத்தாள், மனக்கணக்காக ஏதோ கூட்டினாள், பேனா ஊசியின் முனையைத் திருகி எண்ணை வைத்து வயிற்றில் குத்திக்கொண்டாள்.

"மாமா, இது ரெண்டு யூனிட்டு" என்றாள். பிறகு சாப்பிட்டாள்.